பூவைக் கிள்ளிய கை

சுபாஸ்கரன் எனக்குச் செய்த உதவிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நன்றி கெட்டவள் என்று சொல்ல லண்டனில் எங்கள் மிச்சம் பகுதியில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். என் புருஷன் மாரடைப்பில் போனபோது பெட்டி தூக்க ஆள் சேர்த்தவன் அவன்தான். பனிக்காலத்தில் என் வீட்டு பொயிலர் நின்று, திருத்துகிறவன் நாளை நாளை என்று இழுத்தபோது, தன் கடையிலிருந்து இரண்டு ஹீட்டர் கொண்டுவந்து வைத்தவனும் அவன்தான். சுவிஸில் பதினாறு வருஷம் கோப்பை கழுவி, பிறகு லண்டனுக்கு வந்து மூன்று கடை போட்டு, கோயில் திருவிழாவில் ஒரு நாள் அன்னதானத்தைத் தன் உபயமாக எடுத்தவன். என்னை ‘அக்கா’ என்பான். நானும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிட்டேன். இப்போது அந்தச் சொல்லை நினைத்தால் வாய் கொப்பளிக்க வேண்டும் போலிருக்கிறது.

என் பெயர் நகுலேஸ்வரி. ஐம்பத்திரண்டு வயது. மிச்சம் பகுதியில் ஒரு சின்ன வீடு, ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, வரவேற்பறை சோபாவில் படுத்துக் கிடந்த ஓர் அண்ணை. அண்ணையின் பெயர் ஜீவரத்தினம். கதை அவருடையது. கோபம் என்னுடையது.

அண்ணை ஊரில் முப்பது வருஷம் புகையிலை செய்தவர். எங்கள் காணி இராணுவத்தின் வேலிக்குள் போனது. பாதி திரும்பி வந்தது, மீதி வரவில்லை. மீதியைக் கேட்டு விவசாயிகள் வேலிக்கு வெளியே உட்கார்ந்தபோது அண்ணை முன்வரிசையில் இருந்தார். பிறகு வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். ஒரு முறை கேள்வி கேட்க, மறுமுறை அடிக்க. மூன்றாம் முறைக்கு அவர் காத்திருக்கவில்லை. லண்டனுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டார்.

அந்த விண்ணப்பம் முழுவதும் ஒரே ஆணியில் தொங்கியது. அவர் புகையிலை விவசாயி என்று நம்பினால் காணி உண்டு, வேலி உண்டு, முன்வரிசை உண்டு, அடியும் உண்டு. நம்பாவிட்டால் ஒன்றுமே இல்லை. காணி உறுதிப் பத்திரம் எங்கள் ஐயாவின் பெயரில் இருந்தது. புகையிலை செய்தவனுக்கு யாரும் சான்றிதழ் எழுதிக் கொடுப்பதில்லை.

நேர்முக விசாரணையில் அதிகாரி கேட்டார்: உங்கள் பயிர் பூக்கும் பருவம் எத்தனை கிழமை? அந்தப் பருவத்தில் இலையில் என்ன மாற்றம் தெரியும்? அண்ணை சொன்னார், “தெரியாது ஐயா. நாங்கள் பூக்க விடுறேல்லை.” அவ்வளவுதான். ஏன் விடுவதில்லை என்று அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மறுப்புக் கடிதத்தில் அது ஒரு முழுப் பந்தியாக வந்தது. முப்பது வருஷம் ஒரு பயிரைச் செய்ததாகச் சொல்கிறவருக்கு அந்தப் பயிர் பூக்கும் பருவத்தைப் பற்றி எதுவும் தெரியவில்லை, ஆகவே அவர் விவசாயி என்பதை ஏற்க முடியாது என்று எழுதியிருந்தது.

நான் அதை வாசித்துச் சொன்னபோது அண்ணைக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. “பூத்தாப் பிறகு அது என்ன புகையிலை, நகுலா? மொட்டு வைக்கேக்கையே தலையை முறிச்சுப்போடோணும். இல்லாட்டிப் பூ இலையைத் தின்னும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே.”

“அதை அங்க சொல்லியிருக்கலாமே அண்ணை.”

“அவை கேக்கேல்லையே.”

அன்றைக்கு அவர்மேல் வந்ததுதான் இந்தக் கதையில் என் முதல் கோபம். அது சின்னது.

மேன்முறையீடு போட்டோம். குரோய்டனில் ஒரு சட்ட உதவி நிலையத்தில் பிரீத்தா என்ற வழக்கறிஞர் வழக்கை எடுத்தார். மதுரைப் பெண். கட்டணம் கேட்கவில்லை, ஆனால் சாட்சி கேட்டார். “அவர் சொல்றது உண்மைன்னு எனக்குத் தெரியுதும்மா. நீதிபதிக்குத் தெரியணும். அவர் விவசாயின்னு காட்ட ஏதாவது குடுங்க.” நாங்கள் தேடியதில் ஒரே ஒரு பழைய படம் கிடைத்தது. அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்ட வரம்பில் நிற்கிறார். பிரீத்தா அதைப் பார்த்துவிட்டுக் கோப்புக்குள் வைத்தார். சாரம் கட்டிய எவனும் ஒரு வரம்பில் ஏறி நிற்கலாம் என்று அவர் வாயால் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் சுபாஸ்கரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீர் குடிக்க வந்தான். சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அண்ணையைக் கண்ணால் காட்டி, “அக்கா, இப்பிடிச் சும்மா வச்சிருந்தால் மனிசனுக்கு விசர் பிடிச்சிடும். என்னட்ட ஒரு அலுவல் இருக்கு. தோட்ட வேலைதான்,” என்றான்.

தோட்ட வேலை என்றதும் அண்ணை எழும்பி உட்கார்ந்தார்.

வால்தம்ஸ்டோவில் ஒரு வீடு. உள்ளே விளக்கு வெளிச்சத்தில் மருந்துச் செடி வளர்க்கப் போகிறார்கள். அண்ணை அங்கேயே தங்கி, தண்ணீர் விட்டு, செடியைப் பார்த்துக்கொண்டால் போதும்.

“என்ன செடி?” என்று அண்ணை கேட்டார்.

“மருந்துச் செடி அண்ணை. இலையைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறது. வருத்தக்காரருக்கு டொக்டரே எழுதிக் குடுக்கிறார்.”

“கஞ்சா எல்லோ?”

சுபாஸ்கரன் சிரித்தான். “ஊரில அது கஞ்சா. இஞ்ச அது மருந்து. லைசென்ஸ் எல்லாம் எடுத்தாச்சு. பூவைப் பத்துறவன்தான் கள்ளன். நாங்கள் இலைக்காரர். பூவில எங்களுக்கு அலுவல் இல்லை.”

டொக்டர் எழுதிக் கொடுக்கிற அப்படியொரு மருந்து இந்த நாட்டில் இருப்பது எனக்கும் தெரியும். தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். அந்தச் சின்ன உண்மையின் முதுகில் ஏறித்தான் அவனுடைய பொய் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அண்ணைக்கு வேலை செய்ய அனுமதி இல்லை என்று நான் இழுத்தேன். “இது வேலையோ அக்கா? சொந்தக்காரன் வீட்டில நிண்டு நாலு செடிக்குத் தண்ணி விடுறது,” என்றான். பிறகு ஒரு காகிதத்தை எடுத்தான். “ஒரு கையெழுத்து மட்டும். வீட்டு ஒப்பந்தம் உங்கட பேரில இருக்கட்டும். கடையளால என்ர கிரெடிட் கொஞ்சம் இறுகிப்போச்சு. சும்மா பேருக்குத்தான்.”

எங்கள் ஆட்களுக்கு இது பழகிப்போன காரியம். ஒருவர் பெயரில் மற்றவர் போன் எடுப்பார். ஒருவர் பெயரில் மற்றவர் கார் எடுப்பார். ‘பேருக்குத்தான்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், அரைக் கிலோ அரிசியை அளந்து கொடுக்கிறவர்கள் கையெழுத்தை அளக்காமல் கொடுப்போம். தேநீர்க் கோப்பையை அகற்றிவிட்டு அதே இடத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். வாசிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிறவனை வைத்துக்கொண்டு வாசித்தால் நம்பவில்லை என்று நினைப்பானே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை இன்று நான் செருப்பால் அடிப்பேன்.

மார்ச்சில் அண்ணை போனார். போனதும் ஆள் மாறிவிட்டார். ஒரு வருஷமாக ‘ஓம்’, ‘இல்லை’ என்ற இரண்டு சொல்லில் வாழ்ந்த மனிதர் தினமும் எனக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பத் தொடங்கினார். இது ஒரு சாண் வளர்ந்திருக்கிறது, அது சோர்ந்திருக்கிறது, இந்த விளக்கு சூடு கூடிப்போச்சு என்று ஒவ்வொரு செடிக்கும் ஒரு கதை. நடுவில் ஒரு நாள், “வெளியில போறேல்லை. சுபா வெளிப்பக்கத்தால பூட்டிக்கொண்டுதான் போறவர்,” என்றார்.

“அதென்ன பூட்டிக்கொண்டு?”

“செடிக்குக் காவலாம்.”

நான் அப்போது முந்நூறு பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரட் வெட்டிக்கொண்டிருந்தேன். ‘காவலாம்’ என்பதைக் கேட்டேன். கேட்டுவிட்டுத் தொடர்ந்து கரட் வெட்டினேன். சுபாஸ்கரன்மேல் எனக்குள்ள கோபத்தில் பாதியை அந்தக் கரட் வெட்டியவள்மேல் வைத்திருக்கிறேன்.

ஜூன் தொடக்கத்தில் சுபாஸ்கரன் சுவிஸில் ஒரு கலியாணத்துக்குப் போனான். அண்ணைக்குப் பத்து நாளைக்கு அரிசியும் பருப்பும் முட்டையும் வைத்து, “இலை பத்திரம்” என்று சொல்லி, பூட்டிவிட்டுப் போனான். அவன் போன மூன்றாம் நாள் அண்ணை கூப்பிட்டார். குரலே சரியில்லை.

“நகுலா, இலை பழுக்குது.”

வீடியோவில் காட்டினார். அடியில் இருந்த பெரிய இலைகள் மஞ்சளாகிக் கிடந்தன. நரம்பில் மட்டும் கொஞ்சம் பச்சை ஒட்டியிருந்தது. சிலவற்றின் நுனி காய்ந்து சுருண்டிருந்தது. மேலே, தலைப்பில், வெள்ளை மயிர் வைத்த பூக்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டிருந்தன.

“தண்ணி பிழையில்லை. பூச்சியும் இல்லை, ஒவ்வொரு இலையாப் பிரட்டிப் பாத்திட்டன். மஞ்சள் அடியில இருந்துதான் மேல ஏறுது. பூ வைக்கத் தொடங்கினாப் பிறகுதான் இது தொடங்கினது. மூண்டு அறையிலயும் இப்பிடித்தான்.”

“சுபாஸ்கரனிட்டக் கேளுங்கோவன்.”

“எடுக்கிறார் இல்லை. இலை பத்திரம் எண்டு சொல்லிப்போட்டுப் போன மனிசன் வந்து பாத்தால் என்ன சொல்லும்?”

அடுத்த நாள் வந்த வீடியோவைப் பள்ளிக்கூடச் சமையலறையின் பின்வாசலில் நின்று பார்த்தேன். போனை எங்கோ நிமிர்த்தி வைத்துவிட்டு அண்ணை செடிகளுக்கு நடுவே நின்றார். இருட்டில் தொலைத்த பொருளைக் கண்டெடுத்த முகம். “இஞ்ச பார் நகுலா. பூ இலையைத் தின்னுது. செடியின்ர சத்தெல்லாம் மேல ஓடுது, அடியில உள்ளது பட்டினி கிடக்குது. நாங்கள் புகையிலையை இந்த நிலைக்கு வர விடமாட்டம். இவங்களுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?” சொல்லிக்கொண்டே பெருவிரலையும் சுட்டுவிரலையும் தலைப்பில் வைத்து ஒரு திருப்பு. பூ வாளிக்குள் விழுந்தது. அடுத்த செடி. அடுத்தது. அவர் கையைப் பார்க்கவேயில்லை, என்னோடு பேசிக்கொண்டே போனார். கை தன்பாட்டில் முறித்துக்கொண்டு போனது. பெருவிரல் நகத்தில் பிசின் கறுப்பாக ஏறியிருந்தது. “இலையை விட்டால் பயிரை விட்டமாதிரி. பூ ஆருக்கு வேணும்?”

மூன்று நாளில் மூன்று அறையிலும் ஒரு பூ மிச்சமில்லாமல் முறித்து, பதினொரு கறுப்புப் பையில் கட்டிக் குளியலறையில் போட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமைப்பட்டேன். என் அண்ணை எவ்வளவு அக்கறையான வேலைக்காரன் என்று காட்ட அந்த வீடியோவை சுபாஸ்கரனுக்கு அனுப்பினேன். கும்பிடுகிற கைப் படம் ஒன்றும் கீழே போட்டேன்.

இத்தனை நாள் எடுக்காத போன் நான்கு நிமிடத்தில் வந்தது.

“அக்கா, உங்கட கொண்ணருக்கு விசரோ?” பின்னால் கலியாண மேளம் கேட்டது. “என்ன செய்து வச்சிருக்கிறார் அந்தாள்? பூவைத்தான் அக்கா விக்கிறது. இலையை ஆர் வாங்குவான்? ஆடு திங்குமோ?”

“நீர்தானே தம்பி இலை மருந்து எண்டனீர்.”

“அது அந்தாளுக்குச் சொன்னது.” பிறகு மேளத்தை விட்டுத் தூரமாகப் போயிருக்க வேண்டும், குரல் தெளிவாகிவிட்டது. “இஞ்ச பாருங்கோ. நான் நாளைக்கு வாறன். புதுக் கண்டு வச்சு, அது பூத்து, நான் வெட்டுமட்டும் அந்தாள் வெளியில வராது.”

“வாற புதன் வழக்கு. உமக்குத் தெரியும்.”

“வழக்கு எண்டால் என்ன செய்ய? பொலிஸுக்குப் போற யோசினை இருந்தால், வீட்டு ஒப்பந்தத்தில ஆரின்ர பேர் இருக்கெண்டு ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ அக்கா.”

அப்போதும் ‘அக்கா’ என்றான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வாசிக்கத்தானே சொன்னான், வாசித்தேன். வீட்டு ஏஜென்ட் மார்ச்சில் அனுப்பிய பிரதி என் போனிலேயே கிடந்தது. பதினான்கு பக்கம். எழுத்தைக் கூட்டிக் கூட்டி முழுவதையும் வாசித்தேன். வாடகைக்காரர் நகுலேஸ்வரி. திறப்புக்கு, அதாவது சாவிக்கு, உரியவர் நகுலேஸ்வரி. சுபாஸ்கரன் என்ற பெயர் ஒரு மூலையிலும் இல்லை. பயத்தில் திரும்பவும் வாசித்தேன். ஆனால் மூன்றாம் முறை வாசித்தபோது எனக்கு வேறொன்று பட்டது. வீடு என்னுடையது என்றால் பூட்டும் என்னுடையது.

சனிக்கிழமை காலை வால்தம்ஸ்டோவுக்குப் போய், பூட்டுத் திறக்கிற ஒருவனை வரவழைத்தேன். “உங்கள் வீடா?” என்று கேட்டான். ஒப்பந்தத்தையும் என் அடையாள அட்டையையும் காட்டினேன். துளைபோட்டுத் திறந்தான். கதவு நீங்கியதும் உள்ளேயிருந்து வந்த மணத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தான். சாமான்களை அள்ளிக்கொண்டு தன் வான் வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

யன்னல்கள் எல்லாம் கறுப்புப் பொலித்தீனால் அடைத்திருந்தன. நல்ல கோடை வெயில் வெளியே எரிகிறது, என் அண்ணை மூன்று மாதமாக அதைப் பார்க்கவில்லை. கூடத்தில் கவிழ்த்துவைத்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், “நடு அறைக்கு வந்து பாரன்,” என்று எழும்பினார். கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். உடுப்புப் பையோடு வாசலுக்கு வரவும் சுபாஸ்கரனின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. விமான நிலையத்திலிருந்து நேரே வந்திருக்கிறான், கலியாணச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

பாய்ந்து வந்து அண்ணையின் கழுத்துச் சட்டையைப் பிடித்தான். “டேய், பூவைத்தானேடா விக்கிறது. ஒரு விசயம் தெரியாதோடா உனக்கு?”

அண்ணை அசையவில்லை. “இலைக்காரர் எண்டனீர். பூவில அலுவல் இல்லை எண்டனீர்.”

“அது பொய்யடா. உனக்குச் சொன்ன பொய்.”

அண்ணை அதைக் கொஞ்சம் யோசித்தார். “அப்ப பிழை உம்மிலதான்,” என்றார்.

சுபாஸ்கரன் கன்னத்தில் அறைந்தான். என்னைவிட மூன்று வயது மூத்த, ஒருவருக்கும் தீங்கு நினைக்காத என் அண்ணையை, நடுத் தெருவில், அடுத்தவன் கலியாணத்துக்குப் போட்ட மோதிரக் கையால் அறைந்தான். என் கையில் சாப்பாட்டுப் பெட்டி வைத்த பை இருந்தது. அதைச் சுழற்றி அவன் தோளில் போட்டேன். இரண்டாவது அடி முகத்தில் விழுந்தது. எதிர்வீட்டில் கார் கழுவிக்கொண்டிருந்த கிழவர் குழாயை மூடிவிட்டு எங்களைப் பார்த்தார்.

அவர் பார்ப்பதைக் கண்டதும் சுபாஸ்கரனின் முகம் மாறியது. கோயில் வாசலில் சந்தனம் கொடுக்கிறபோது வைத்திருப்பானே, அந்த முகம். உதட்டில் இரத்தத்தோடு சிரித்தான். “அக்கா, பேசித் தீர்ப்பம். பொலிஸ் வந்தால் முதல் உங்கட பேர்தான் வரும். வேலையும் போகும். யோசியுங்கோ.”

“ஓம். என்ர பேர்தான். அதை நானே போய்ச் சொல்லுறன்,” என்றேன்.

சொல்லும்போது அது வெறும் கோபம்தான். யோசித்துச் சொன்னதில்லை. யோசனை ரயிலில்தான் வந்தது. அண்ணை கன்னம் வீங்கி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் சொன்னார், “நடு அறையில இலை பச்சை திரும்பத் தொடங்கினது நகுலா. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் உனக்குக் காட்டியிருப்பன்.”

நான் அவர் கையைப் பார்த்தேன். பெருவிரலில் அந்தக் கறுப்புப் பிசின் இன்னும் போகவில்லை. உலகத்தில் எந்தக் கஞ்சாக்காரனும் செய்ய மாட்டாத காரியத்தை இந்த மனிதர் செய்திருக்கிறார். வாழ்நாள் முழுக்கப் புகையிலை முறித்தவனைத் தவிர வேறு எவனுக்கும் அது தோன்றவும் தோன்றாது. கேட்ட கேள்விக்கு ‘பூக்க விடுறேல்லை’ என்று ஒரு வரி சொல்லித் தோற்றவர், ஏன் விடுவதில்லை என்பதைப் பேசிக்கொண்டே, கையால் செய்துகாட்டிக்கொண்டே நான்கு நிமிடம் நிற்கிறார். அது என் போனில் இருக்கிறது.

திங்கட்கிழமை குரோய்டனில் பிரீத்தா அந்த வீடியோவை இரண்டு முறை பார்த்தார். இரண்டாம் முறை பார்க்கும்போது எழுந்து நின்றுவிட்டார். “ஏம்மா, இதைத்தானே இத்தனை மாசமா உங்ககிட்டக் கேட்டேன்.” பிறகு மெதுவாக உட்கார்ந்தார். “அவரை ஏமாத்தி, பூட்டி வெச்சு வேலை வாங்கியிருக்காங்க. அந்த மாதிரி ஆளுங்களுக்குச் சட்டத்துல பாதுகாப்பு இருக்கு, அதை நான் பாத்துக்கறேன். ஆனா இது எங்க எடுத்த வீடியோன்னு சொல்லணும். வீடு யார் பேர்லன்னு கேப்பாங்க. உங்களைத்தான் விசாரிப்பாங்க. பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா வேலை நிக்காது. நல்லா யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க.”

“யோசிக்க என்ன இருக்கு? கையெழுத்து என்ரதான்,” என்றேன்.

அன்று பின்னேரமே பிரீத்தாவுடன் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சொன்னேன். மூன்று மணித்தியாலம் எழுதினார்கள். வாசிக்காமலா கையெழுத்துப் போட்டீர்கள் என்று அந்தப் பெண் பொலிஸ் மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் ஓம் என்றேன். வேறொருத்தி சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

புதன்கிழமை நீதிபதியின் முன்னால் வீடியோவைப் போட்டார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுப் பெண்தான் நீதிபதி. வீடியோவில் அண்ணை செடி அறைக்குள் நின்று, “பூ ஆருக்கு வேணும்?” என்று கேட்டதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழும்பி, இந்த மனிதர் கஞ்சா வளர்த்தார் என்பதைத்தான் இது காட்டுகிறது என்றார்.

“வளர்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அழித்ததாகத்தான் தெரிகிறது,” என்றார் நீதிபதி. அண்ணையின் பக்கம் திரும்பினார். “ஏன் பூக்களை முறித்தீர்கள்?”

இந்த முறை கேட்டார்கள். கேட்டதால் அண்ணை சொன்னார். இருபது நிமிடம் சொன்னார். மொட்டு எந்த உயரத்தில் வரும், எத்தனை இலை விட்டு முறிப்பது, முறித்தபின் பக்கத்தால் வெடிக்கிற முளையை எத்தனை நாளுக்கொரு முறை கிள்ளுவது, கிள்ளாவிட்டால் இலை எப்படி மெலியும், பழுத்த இலையையும் பட்டினியில் மஞ்சளான இலையையும் தடவிப் பார்த்தே எப்படிப் பிரித்தறிவது என்று, மேசையில் இருந்த வெறுங்காகிதத்தை இலையாகப் பிடித்துக் காட்டிச் சொன்னார். மொழிபெயர்ப்பாளருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. அதற்குள் சுபாஸ்கரனைப் பிடித்தார்கள், பிணையில் விட்டார்கள். வெளியே வந்தவன் தேர்த் திருவிழாவில் வெறும் மேலோடு முன்னால் நின்று வடம் பிடித்தான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்னதான வரிசையில் நின்ற என்னைப் பார்த்துத்தான் பின்னால் நின்ற ஒருத்தி, “காட்டிக் குடுத்தவள்,” என்று பக்கத்தில் நின்றவளுக்குச் சொன்னாள். எங்கள் ஆட்களிடையே அந்தச் சொல்லுக்கு என்ன பாரம் என்று எனக்குத் தெரியும். ஊரில் சண்டைக் காலத்தில் அந்தப் பேர் விழுந்தவர்கள் உயிரோடு மிஞ்சியதில்லை. திரும்பி நின்று சொன்னேன். “ஓம், காட்டிக் குடுத்தனான். என்னையும் சேத்துத்தான் காட்டிக் குடுத்தனான். உங்களுக்கு இன்னும் ஏதும் தெரியோணுமோ?” தட்டை அவ்விடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

தீர்ப்பு வந்த அன்று பிரீத்தா போனில் அந்தப் பந்தியைத் தமிழாக்கி வாசித்தார். மேன்முறையீட்டாளர் பூக்களை முறித்த விதமும், அதற்கு அவர் கொடுத்த விளக்கமும், நீண்டகாலம் புகையிலை செய்த ஒருவருக்கே உரியவை. அவர் தன்னைப் பற்றிச் சொன்னதை இந்த நீதிமன்றம் முழுவதுமாக ஏற்கிறது. அனுமதி கிடைத்துவிட்டது என்று பிரீத்தா இரண்டு தரம் சொன்னார். நான் சோபாவில் அண்ணையின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணை அழவில்லை. பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிசின் எல்லாம் எப்போதோ போய்விட்டது.

“முப்பது வருசம் புகையிலை முறிச்சன். நம்பேல்லை. மூண்டு நாள் கஞ்சா முறிச்சன். நம்பிப்போட்டினம்.” இத்தனை காலத்தில் அவர் குரலில் கோபத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான். எழும்பிப் போய் யன்னலை அகலத் திறந்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றார்.

என்னுடைய கடிதமும் அன்றைய தபாலில்தான் வந்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து, வேலை முடிந்தது என்று. மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையை அகற்றிவிட்டு, முதல் வரியிலிருந்து எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தொடங்கினேன்.